செருப்பைக் கழற்றினால் ஓடும் மோட்டார்

கொல்லைப்புறச் சுவரில் ஒரு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றினார். கோயில் வாசலில் விடுவது போல, ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு வயரின் முனையை இரண்டு விரலால் பிடித்தார்.

மார்கழிப் பனி. வாழைக்கொல்லை இருந்த திசையே வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்டார்ட்டர் விழும் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். அடுத்து குழாய் இருமியது. போர்வெல் தண்ணீர் மேலேறும்போது குழாயில் நிற்கும் காற்று முதலில் வெளியே வரும். அது கிட்டத்தட்ட மனிதர் இருமுவது போலவே இருக்கும்.

"கேட்டுச்சாம்மா?" என்றார் அவர். "கூப்பிட்டா வந்துடுறாங்க."

மோட்டார் கொட்டகையில் ஒருவரும் இல்லை. வயரின் முனையில் சுவிட்ச் இல்லை, பட்டன் இல்லை. வெறும் செம்பு. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

பேய்க்கு மெக்கானிக்

போன வாரம் இந்தப் பத்தியில் ரைஸ் மில் தராசைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, உன் கடைக்கு வருவதெல்லாம் எலி கடித்த கேஸ்தானா என்று ஒரு தோழி கேட்டாள். முக்கால்வாசி எலிதான். மீதியில் பாதி பல்லி. இந்த வாரம் எழுதுவது இரண்டிலும் சேராது.

தஞ்சாவூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. மோட்டாரைப் போனிலிருந்தே போட்டு நிறுத்தும் பெட்டி, இன்வெர்ட்டர் போர்டு, கோழிப்பண்ணை டைமர் என்று கையில் வருவதையெல்லாம் பிரித்துப் பார்ப்பேன். எஞ்சினியரிங் படித்து, சில வருடம் பெங்களூரில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துவிட்டு, பிடிக்காமல் ஊருக்கே வந்தவள். பொம்பளை போர்டு பார்ப்பாளா என்று முதலில் வாசலோடு திரும்பியவர்கள், இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். என் வாய் கொஞ்சம் நீளம். அதையும் பொறுத்துக்கொள்கிறார்கள்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருத்தி கவிதா. தஞ்சாவூரிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் பெண். எல்லோரும் போகட்டும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தாள்.

"அக்கா, மோட்டாரை ரிப்பேர் பண்ணச் சொல்லலை. ஓடாமப் பண்ணிக் குடுங்க."

அவள் சொன்னது இது. அப்பா தங்கராசு புரட்டாசியில் இறந்துபோனார். நுரையீரல் வியாதி, பல மாதம் படுக்கை, இருமலோடேயே போனார். குடமுருட்டி ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் வீடும் வாழைக்கொல்லையும் இருக்கின்றன. அம்மா ராஜாத்தி அங்கே தனியாக இருக்கிறார். கருமாதி முடிந்த சில நாளிலேயே மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. அதோடு போகவில்லை. அம்மா தினமும் விடிந்ததும் வீட்டுக் கொல்லைப்புறத்துக்குப் போய் ஒரு வயரைப் பிடிக்கிறார், உடனே மோட்டார் ஓடுகிறது. வந்திருப்பது அப்பாதான் என்று அம்மா நம்புகிறார்.

வாழைக்கொல்லைக்கு வேலைக்கு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். பூசாரி வந்து ஸ்டார்ட்டர் பெட்டியில் எலுமிச்சம்பழமும் தாயத்தும் கட்டினார். எலுமிச்சம்பழத்தோடும் மோட்டார் ஓடியது. கவிதா ஒரு தடவை பியூஸைப் பிடுங்கி ஒளித்து வைத்தாள். அம்மா தேடி எடுத்து மாட்டிவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் மகள் வீட்டுக்கு ஒரு ராத்திரி தங்கக்கூட வருவதில்லை. காலையில் அப்பா வந்து பார்த்தால் ஆள் இல்லாமல் போய்விடுமாம்.

"அம்மா பேசுறதே மாறிப்போச்சுக்கா" என்றாள். "எனக்கு அம்மாவும் இல்லாமப் போயிடும்போல இருக்கு."

பேய் என்றால் எனக்குச் சிரிப்புதான் வரும். அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வருகிறேன் என்றேன்.

மொட்டை மாடியில் நின்ற அண்ணன்

இந்த இடத்தில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் டிவிக்கு மாடியில் ஆன்டெனா இருந்த காலம். கிரிக்கெட் நடக்கும்போதெல்லாம் படம் புள்ளிப்புள்ளியாகும். அண்ணன் மாடிக்கு ஓடிப்போய் ஆன்டெனாவைப் பிடிப்பான். படம் பளிச்சென்று வரும். கையை எடுத்தால் போய்விடும். 'பிடிச்சுக்கிட்டே நில்லுடா' என்று கீழேயிருந்து அப்பா கத்துவார். உச்சி வெயிலில் அவன் ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்தபடி நிற்க, நாங்கள் நிழலில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்று நாங்கள் போய்ச் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தக் கோபம் அவனுக்குத் தீரவில்லை.

மனித உடம்பும் ஒரு கம்பிதான் என்று நான் முதலில் தெரிந்துகொண்டது காலேஜில் இல்லை. அவனிடமிருந்துதான்.

ராஜாத்தி அம்மா வயரைத் தொட்டதும் மோட்டார் ஓடியபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் முதலில் வந்தது. ஒரு நிமிஷம் தைரியமாக இருந்தேன்.

என் கையிலும்

அந்த அம்மாள் எனக்குக் காபி கொடுத்துவிட்டுத்தான் கொல்லைக்கு அழைத்துப் போயிருந்தார். பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. கணவரை விருந்தாளிக்கு அறிமுகம் செய்துவைப்பது போல அந்த வயரைக் காட்டினார். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

கையை எடுத்தார். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு மோட்டார் நின்றது.

என் முறை. முதலில் டெஸ்டர் வைத்தேன், எரியவில்லை. மீட்டர் வைத்தேன். எதிலுமே சேராமல் தொங்கிய வயரில் அறுபது வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எண்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. ஒரு சின்ன பல்பைக் குறுக்கே வைத்ததும் எல்லாம் மறைந்து பூஜ்யமாகிவிட்டது. பக்கத்தில் ஓடும் கரண்ட் கம்பியிலிருந்து ஒட்டிக்கொள்ளும் வெத்து வோல்டேஜ் அது. வேலை வாங்க முடியாது, ஆளை அடிக்காது. தொழிலில் அடிக்கடி பார்ப்பதுதான்.

தொட்டேன். மோட்டார் ஓடவில்லை.

"செருப்பைக் கழட்டிட்டுத் தொடுங்கம்மா" என்றார் ராஜாத்தி அம்மா. "செருப்போட தொட்டா வரமாட்டாங்க. மாப்பிள்ளை தொட்டப்பவும் வரலை."

கழற்றினேன். ஈர மண் காலில் பட்டது. வயரைப் பிடித்தேன். பனிக்குள் 'டக்'. குழாய் இருமியது. என் கையில் மயிரெல்லாம் எழுந்து நின்றது. காரணம் பாதி தெரிந்திருந்தும் நின்றது. காரணம் தெரிந்திருப்பதால் மட்டும் உடம்பு கேட்டுவிடாது.

ஆற்றோடு போனது

கொட்டகைக்குப் போனோம். மோட்டார் பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது, பூசாரியின் எலுமிச்சம்பழம் சுருங்கிக் கறுத்துத் தொங்கியது. எல்லோரையும் போல நானும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

மெயினை இறக்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கட்டை விரல் அகலத்தில் ஒரு சிப். அதன் கால் ஒன்றில் அந்த வயர் வந்து சேர்ந்தது. சிப்பின் காலைப் பின் என்போம். அந்தப் பின்னுக்குத் தெரிந்தது ஒரே கேள்விதான். என்னிடம் வோல்டேஜ் இருக்கிறதா, இல்லையா? மூன்று வோல்ட் சொச்சம் இருந்தால் மோட்டார் சும்மா இருக்கும். சுவிட்சைத் தட்டி அதைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் மோட்டார் ஓடும்.

மூன்று சொச்சத்துக்கு மேல் அது தாங்காது; சுவரில் பார்த்த அறுபது, தெம்பில்லாத வெத்து வோல்டேஜ் என்பதால்தான் தப்பித்திருந்தது. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை நேராகக் கொடுத்துக் கொன்ற பின்களால்தான் என் கடை வாடகையே நடக்கிறது.

ஆனால் வயர் எதிலுமே சேராமல் அந்தரத்தில் நின்றால்? அது 'இல்லை' என்று ஆகாது. 'தெரியாது' என்று ஆகும். தெரியாத பின் ஊரில் உள்ள எல்லாவற்றையும் கேட்க ஆரம்பித்துவிடும். பக்கத்துக் கம்பி, அடுத்த கொல்லை மோட்டார், பனி, பக்கத்தில் நிற்கும் மனிதர்.

அதனால்தான் ஒரு ரெசிஸ்டரைப் போட்டு அந்தப் பின்னை மேல் வோல்டேஜோடு கட்டி வைப்போம். நெல்மணி அளவு சாமான். திருவிழாக் கூட்டத்தில் குழந்தையின் விரலைப் பிடித்திருப்பது போல, அது பின்னை மேலே பிடித்திருக்கும். இறுக்கிப் பிடிக்காது. சுவிட்சைத் தட்டினால் விட்டுக்கொடுக்கும், சுவிட்ச் நின்றதும் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இந்தப் போர்டில் அது இல்லை. இருந்து கருகிய தடமும் இல்லை. அப்படியானால் செய்தவர் அதை வயரின் அடுத்த முனையில், சுவிட்சுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். செய்தது யார் என்று கேட்டேன். ஊரில் இருந்த ஒரு மெக்கானிக், இப்போது மலேசியாவில் இருக்கிறாராம். தங்கராசு படுக்கையில் விழுந்ததும், வாழைக்கொல்லைக்கு நடக்க முடியாதவர் படுத்தபடியே மோட்டார் போட வேண்டும் என்று கேட்டுச் செய்துகொண்டது. அந்தச் சுவிட்ச் அவர் தலைமாட்டிலேயே இருந்திருக்கிறது. கடைசி நாள்களில் அவரால் முடிந்த ஒரே விவசாயம் அதுதான்.

"அந்தச் சுவிட்ச் எங்கேம்மா?"

"பாய், தலையணை, போர்வை, சொம்பு, அவுங்க கைப்பட்டதெல்லாம் கருமாதி அன்னிக்கு ஆத்துல விட்டோம்ல. அதையும் சுவரோட அறுத்து அதோட விட்டாச்சு."

பெட்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். மின்சாரத்துக்கும் கருமாதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். பின்னை மேலே பிடித்துக்கொண்டிருந்த அந்த நெல்மணி, தங்கராசுவின் தலையணையோடு குடமுருட்டியில் போயிருந்தது. அன்றிலிருந்து வயரைப் பிடிக்க ஆள் இல்லை.

செருப்பு விஷயமும் விளங்கிவிட்டது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவர் பூமியோடு சேர்ந்தவர். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பூமியைத் தொடாமல் தனியாக மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவே கரண்ட் போடும் ஆட்டம் ஒன்று எப்போதும் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். தொட்டவுடன் அந்த ஆட்டம் பின்னுக்குள் இறங்கும். சுவிட்சைத் தட்டிவிட்டார்கள் என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். ரப்பர் செருப்பு நடுவில் வந்தால் ஆட்டம் போய்ச் சேராது.

துக்கம் கழிந்து, குளித்துவிட்டு ஈரக் காலோடு கொல்லைக்கு வந்த ராஜாத்தி அம்மா, அறுந்து தொங்கிய வயரைச் சுருட்டிச் செருகலாம் என்று தொட்டிருக்கிறார். கணவரின் தலைமாட்டு வயர். தொட்டவுடன் தூரத்தில் இருமல் கேட்டிருக்கிறது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

அணில் கடித்த இடம்

திரும்பும்போது வயரைத் தொடர்ந்தே நடந்தேன். வரப்போரக் கல்தூண்களில் மோட்டாருக்குப் போகும் கரண்ட் கேபிளும் இந்த வயரும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. மூன்றாவது தூணில் அணில் வேலை பார்த்திருந்தது. கேபிளின் தோல் உரிந்து செம்பு தெரிந்தது. வயரின் தோலும் அதே இடத்தில் உரிந்திருந்தது. நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. காற்றடித்தால் இரண்டும் அசைந்தன.

அதுவரை பார்த்த எதற்கும் எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. அவை இரண்டும் ஒரு தடவை ஒட்டினால் போதும். பல்பைக் கண்டு மறையும் வெத்து வோல்டேஜ் இல்லை, அசல் கரண்ட் கொல்லைச் சுவர்வரை வந்து நிற்கும். வெறுங்காலோடு ஒருவர் அதைத் தினமும் போய்ப் பிடிக்கிறார்.

வீட்டுக்கு வந்து ஒளிக்காமல் சொன்னேன். கத்தக்கூட நேரம் இருக்காது என்றேன். பயப்படட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

அவர் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"தெரியும்மா" என்றார். "அணில் கடிச்ச அன்னிக்கே பார்த்துட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"கூப்பிட்டா வர்றாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன்ல. நான் கூப்பிடலைம்மா. அவுங்கதான் என்னைக் கூப்பிடுறாங்க. என்னிக்குன்னு அவுங்களுக்குத் தெரியும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை என்பது போல. கவிதா சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் முழுதாக உறைத்தது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. செத்துப்போன மனிதர்மேல் வந்ததா, இந்த அம்மாள்மேல் வந்ததா, தெரியவில்லை. ஸ்கேன் சென்டரில் அந்தப் பெண் போனைக் கையில் வைத்தபடி காத்துக்கொண்டிருப்பாள். என் நீண்ட வாய் அப்போதுதான் வேலைக்கு வந்தது.

"எனக்கும் வந்தாரேம்மா" என்றேன். "நான் யாரு அவருக்கு?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அடித்தது போல இருந்தது அவர் முகம். துவைக்கிற கல்லில் மெல்ல உட்கார்ந்தார். என்னை வெளியே போ என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்.

வயர் இருந்த பக்கம் பார்த்துக் கேட்டார். "யாரு தொட்டாலும் ஓடுமா?"

"செருப்பு இல்லாம யாரு தொட்டாலும் ஓடும்மா."

"பூசாரி தொட்டா?"

"ஓடும்."

"கவிதா அப்பாவுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. புரட்டாசியிலிருந்து அம்மா அழவே இல்லை என்று கவிதா பிறகு சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு தடவை மட்டும் பிடிக்க விடு" என்றார் கடைசியில், என்னை முதல் முறையாக 'நீ' என்று. "அவுங்ககிட்ட சொல்லிட்டு விட்டுடுறேன். அப்புறம் நீ எடுத்துடு."

ஒரு தடவை மட்டும்

மறுபடி மெயினை இறக்கினேன். தூண்களில் இருந்த கட்டுகளை அறுத்து வயரைத் தனியாகப் பிரித்தேன். அணில் கடித்த இடங்களை வெட்டி ஒட்டி டேப் சுற்றினேன். கேபிளிலிருந்து வயரைத் தள்ளி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமாகக் கொண்டுபோய் வரப்பில் கிடத்தினேன். மெயினை ஏற்றி, முனையில் மீட்டரும் பல்பும் வைத்து ஒன்றுக்கு மூன்று முறை பார்த்தேன். இனி அது யாரையும் கொல்லாது. ரெசிஸ்டரை மட்டும் இன்னும் மாட்டவில்லை. அது என் சட்டைப் பையில் இருந்தது.

ராஜாத்தி அம்மா செருப்பை ஓரமாக விட்டார். வயரைப் பிடித்தார்.

'டக்'. இருமல். தண்ணீர்.

அவர் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டார். கண்ணை மூடியிருந்தார். தண்ணீர் தொட்டி நிரம்பி, வாய்க்காலில் இறங்கி, வாழைக்குள் போகிற சத்தம் கேட்டது. பிறகு கையை எடுத்தார். வயர் முனை சுவரோரம் ஆடி நின்றது.

மோட்டார் நிற்கவில்லை.

காலையில் கையை எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் நின்றது. இப்போது அந்த நேரம் கடந்தும் ஓடியது. இன்னும் கடந்தும் ஓடியது. ராஜாத்தி அம்மா என்னைப் பார்த்தார். "விட்டுட்டேன்ல?" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். வெறுங்கை. வயரைச் சுற்றி யாருமில்லை. நான் மீட்டரை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமலே நிமிர்ந்தேன்.

அவர் பனியைப் பார்த்துத் திரும்பினார். பக்கத்து அறையில் இருப்பவரிடம் பேசும் குரலில் சொன்னார்.

"போதும்ங்க. நிறுத்துங்க. நான் கவிதாகிட்ட போய் இருந்துக்கிறேன்."

மோட்டார் நின்றது.

காரணம் இருக்கிறது. வயர் முழுவதையும் நான்தான் ஈர வரப்பில் கிடத்தினேன். ஈரம் ஏறிய வயரில் பின் கீழேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். வெயில் ஏறி வயர் காயும்போது விட்டுவிடும். கடையில் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், இதுதான் சரி. அன்று மட்டும் வெயில் வரவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அந்த வயரை ராஜாத்தி அம்மாவே சுருட்டிக் கொண்டுபோய்க் குடமுருட்டியில் விட்டார். ஆற்றில் வயரைப் போடக் கூடாது என்று சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை. இப்போது அவர் பெரும்பாலும் மகள் வீட்டில்தான் இருக்கிறார், கொல்லைக்குப் பஸ்ஸில் போய் வருகிறார். பிறகு நான் மாட்டிக்கொடுத்த பெட்டியால் மோட்டாரைப் போனில் போட்டுப் போனில் நிறுத்துகிறார். அதற்குப் பிறகு ஒரு நாளும் அது தானாக ஓடியதில்லை.

எனக்கு நினைவில் நிற்பது அதற்கெல்லாம் முந்தைய சில நிமிஷம்தான். மோட்டார் நின்றபின் ராஜாத்தி அம்மா என் சட்டைப் பையைப் பார்த்தார். "இப்ப போய் மாட்டிடு" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

பனியில் வரப்போடு நடந்து கொட்டகைக்குப் போனோம். மெயினை இறக்கி, சந்தனம் காய்ந்திருந்த பெட்டியைத் திறந்து, வயரைப் பிரித்தெடுத்து, அந்த நெல்மணியை இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் வைத்து முடுக்கினேன். இந்தத் தடவை இரண்டு பேருமே செருப்பைக் கழற்றவில்லை.